நான்கு பேட்டரிகளை எப்படிக் கோப்பது: தொடர் இணைப்பா, பக்க இணைப்பா?

தரையில் நான்கு பேட்டரிகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி. சூரியத் தகடுகள் கூரையேறிவிட்டன. இனி இந்த எட்டு முனைகளை எப்படி இணைப்பது என்பதுதான் கேள்வி. நேர்முனைகள் எல்லாவற்றையும் ஒன்றாகவும் எதிர்முனைகள் எல்லாவற்றையும் ஒன்றாகவும் கட்டினால் 12 வோல்ட், 400 ஆம்பியர் மணி கிடைக்கும். ஒன்றின் எதிர்முனையை அடுத்ததன் நேர்முனையோடு சேர்த்துச் சங்கிலியாகக் கோத்தால் 48 வோல்ட், 100 ஆம்பியர் மணி. இரண்டிரண்டாகக் கோத்து, அந்த இரண்டு ஜோடிகளையும் பக்கம் பக்கமாகச் சேர்த்தால் 24 வோல்ட், 200 ஆம்பியர் மணி.

வயரிங் செய்பவர்கள் முதலாவதைப் பேரலல் என்பார்கள், இரண்டாவதை சீரிஸ் என்பார்கள். பாடப்புத்தகத்தில் அவை பக்க இணைப்பு, தொடர் இணைப்பு. பக்க இணைப்பில் போட்டால் அதிக நேரம் ஓடும், தொடரில் போட்டால் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 400 என்ற எண் 100-ஐவிடப் பெரிதாகத் தெரிவதால் வருகிற மயக்கம் அது. வோல்ட்டையும் ஆம்பியர் மணியையும் பெருக்கிப் பாருங்கள். மூன்று வகையிலும் விடை 4,800 வாட் மணி, அதாவது 4.8 யூனிட். எப்படிக் கட்டினாலும் சேமித்திருக்கும் மின்சாரம் ஒன்றுதான். மாறுவது அந்த மின்சாரம் எவ்வளவு சிரமப்பட்டு வெளியே வருகிறது, அந்தச் சிரமத்தை எந்தப் பேட்டரி எவ்வளவு சுமக்கிறது, ஒன்று பழுதானால் மற்றவற்றுக்கு என்ன ஆகிறது என்பவைதான்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீடு முழுவதற்கும் மின்சாரம் தரும் அமைப்பென்றால், முதலில் தொடர் இணைப்பில் வோல்ட்டை உயர்த்துங்கள். கொள்ளளவு போதாவிட்டால் பெரிய செல்களை, அதாவது பேட்டரி எதனால் ஆனதோ அந்தத் தனி அலகுகளை, வாங்குங்கள். பக்க இணைப்பை மூன்றாவது வழியாக வைத்துக்கொள்ளுங்கள். லித்தியம் பேட்டரிகளுக்கு மட்டும் இந்த வரிசை கொஞ்சம் மாறும். அதைப் பின்னால் பார்க்கலாம்.

ஆம்பியர் குறைந்தால் எல்லாம் இலகுவாகும்

வீட்டில் ஒரே நேரத்தில் 3,000 வாட் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் மோட்டார், மிக்ஸி, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் ஒன்றாக ஓடினால் அந்த அளவு எளிதில் வந்துவிடும். 12 வோல்ட்டில் இதற்கு 250 ஆம்பியர் வேண்டும். 24 வோல்ட்டில் 125. 48 வோல்ட்டில் 62.5. இன்வெர்ட்டருக்குள் ஆகும் இழப்பையும் சேர்த்தால் மூன்று எண்களும் இன்னும் கொஞ்சம் ஏறும்.

கம்பியில் வீணாகும் மின்சாரம் ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆம்பியர் பாதியானால் இழப்பு கால்வாசியாகும், கால்வாசியானால் பதினாறில் ஒரு பங்காகும். 35 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கேபிள், போக வர மொத்தம் மூன்று மீட்டர் என்று கொண்டால், அதன் மின்தடை ஏறத்தாழ 1.5 மில்லி ஓம். 250 ஆம்பியர் ஓடும்போது அந்தக் கேபிளில் மட்டும் 92 வாட் சூடாகப் போகிறது. அதே கேபிளில் 62.5 ஆம்பியர் ஓடினால் இழப்பு ஆறு வாட்கூட இல்லை. உண்மையில் அந்தக் கேபிள் 250 ஆம்பியரைத் தொடர்ந்து தாங்காது, அதைவிட மிகத் தடிமனானது வேண்டும். தடிமனான கேபிள் வளையாது, அதற்கேற்ற லக்கை, அதாவது கேபிள் நுனியில் மாட்டும் உலோக வளையத்தை, அழுத்திப் பொருத்தக் கையடக்கக் கருவி போதாது, இன்வெர்ட்டரின் முனையிலும் அது சரியாக உட்காராது. 12 வோல்ட்டில் பெரிய அமைப்பைக் கட்ட முயன்றவர்களுக்கு இந்தப் போராட்டம் தெரியும்.

கேபிளைவிட எனக்குக் கவலை தருவது முனைகள்தான். ஒரு போல்ட்டைச் சரியாக முறுக்காமல் விட்டுவிட்டீர்கள், அல்லது லக்குக்கும் முனைக்கும் நடுவே ஒரு வாஷரை மாட்டிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் ஒரே ஒரு மில்லி ஓம் தடை கூடுகிறது. 250 ஆம்பியரில் அங்கே பிறக்கும் சூடு 62 வாட். ஒரு சால்டரிங் அயர்னின் சூடு, விரல் நுனி அளவு இடத்தில், பேட்டரி முனையை ஒட்டி. பிளாஸ்டிக் உருகுவதற்கும் முனையின் ஈயம் இளகுவதற்கும் அது போதும். 62.5 ஆம்பியரில் அதே தவறு நான்கு வாட் சூட்டோடு முடிந்துவிடும். தவறு நேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது சரிதான். ஆனால் நேர்ந்தாலும் வீடு பிழைக்கிற ஏற்பாட்டைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

தகடுகளுக்கும் பேட்டரிக்கும் நடுவே நின்று சார்ஜைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலருக்கும் இதே கணக்குதான். அது எத்தனை ஆம்பியர் தாங்கும் என்றுதான் விற்கப்படுகிறது. 60 ஆம்பியர் கன்ட்ரோலர் 12 வோல்ட் பேட்டரிக்கு ஏறத்தாழ 800 வாட் தகடுகளைக் கையாளும். அதே பெட்டி 48 வோல்ட்டிலும் வேலை செய்யும் வகையாக இருந்தால் 3,000 வாட்டுக்கும் மேல் கையாளும். பேட்டரியைக் கோக்கும் முறையை மாற்றினாலே கன்ட்ரோலரின் திறன் நான்கு மடங்காகிவிடுகிறது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். 48 வோல்ட் பேட்டரியை நிரப்பத் தகடுகளின் வோல்ட் அதைவிடத் தாராளமாக உயர்ந்திருக்க வேண்டும். அதனால் தகடுகளையும் இரண்டு மூன்றாகத் தொடரில் கோக்க வேண்டியிருக்கும். குளிர்ந்த காலையில் தகடுகளின் வோல்ட் வழக்கத்தைவிட ஏறும் என்பதால், கன்ட்ரோலரின் உச்சவரம்பை அது தாண்டாதபடி கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியானால் எந்த வீட்டுக்கு எத்தனை வோல்ட்? பேட்டரியிலிருந்து வரும் ஆம்பியர் 100-ஐ ஒட்டி நிற்கட்டும் என்று வைத்துக்கொண்டால் விடை தானாக வந்துவிடும். உச்சச் சுமை 1,200 வாட்டுக்குள் என்றால் 12 வோல்ட் தாராளமாகப் போதும். சில விளக்குகள், ஒரு மின்விசிறி, கைப்பேசி, சிறிய தொலைக்காட்சி மட்டும் இருக்கும் இடத்தில் 48 வோல்ட்டுக்குப் போவது வீண்வேலை. 12 வோல்ட்டிலேயே நேராக ஓடும் விளக்குகளும் விசிறிகளும் கிடைக்கின்றன, இன்வெர்ட்டரே தேவைப்படாது. 2,400 வாட் வரை 24 வோல்ட். அதற்கு மேல் 48 வோல்ட்தான். தொலைபேசி நிலையங்கள் நெடுங்காலமாக 48 வோல்ட்டில்தான் இயங்கி வந்திருக்கின்றன. 24 ஈய செல்களை ஒரே தொடராகக் கோத்து, இரவு பகல் பாராமல் ஓட்டினார்கள். கம்பி இழப்பு குறைவு, தொட்டால் ஆபத்தும் ஒப்பீட்டளவில் குறைவு என்று இரண்டும் ஒருசேரக் கிடைக்கும் இடம் அது.

இந்த முடிவை இன்வெர்ட்டர் வாங்குவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். 12 வோல்ட் இன்வெர்ட்டரை வாங்கியபின் வீட்டில் சுமை கூடினால், பேட்டரிகளைப் பக்க இணைப்பில் கூட்டிக்கொண்டே போவதைத் தவிர வேறு வழியிருக்காது. பலர் பக்க இணைப்புக்கு வந்து சேர்வது இப்படித்தான்.

தொடர் இணைப்பின் பலவீனம்

சங்கிலியில் ஒரு கண்ணி விட்டால் சங்கிலியே போயிற்று. தொடர் இணைப்பிலும் அப்படித்தான். ஒரு பேட்டரியின் உள்ளே இணைப்பு அறுந்தால் வீடு மொத்தமும் இருளில் மூழ்கும். அது உடனே தெரிந்துவிடும் என்பதால் ஒருவகையில் நல்லதே. மெதுவாக நடக்கிற கேடுதான் மோசமானது.

நான்கு ஈய-அமில பேட்டரிகளை 57.6 வோல்ட்டில் நிரப்புகிறோம். ஒவ்வொன்றும் 14.4 வோல்ட்டில் நிற்கிறது என்று சார்ஜர் எடுத்துக்கொள்கிறது. ஆனால் அது பார்ப்பது மொத்தத்தை மட்டுமே. உள்ளே ஒன்று 15.0, இரண்டு 14.4, ஒன்று 13.8 என்று நின்றாலும் கூட்டுத்தொகை அதே 57.6 தான். 15.0-ல் நிற்பது நாள்தோறும் கொதித்துத் தண்ணீரை இழக்கும். 13.8-ல் நிற்பது ஒருநாளும் முழுதாக நிரம்பாமல், உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிக்கொண்டே போகும். இரண்டும் கெட்டுப்போக, திரையில் எல்லாம் சரியாக இருப்பதாகவே காட்டும். இரவில் வெகுவாகத் தீர்ந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். பலவீனமான செல் முதலில் காலியாகி, மற்றவை அதன் வழியே மின்னோட்டத்தைத் தள்ளும்போது அதன் முனைகள் தலைகீழாகவே மாறிவிடலாம். அதற்குப் பிறகு அந்த செல் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது.

இதற்கு மருந்து எளிது. மாதம் ஒருமுறை, சார்ஜ் முடியும் தறுவாயில், மல்டிமீட்டரை எடுத்து நான்கு பேட்டரிகளையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். ஐந்து நிமிட வேலை. வேறுபாடு கூடிக்கொண்டே போனால் பேட்டரி பேலன்சர் ஒன்றை மாட்டலாம். அது உயர்ந்து நிற்கும் பேட்டரியிலிருந்து கொஞ்சம் எடுத்துத் தாழ்ந்ததற்குத் தரும். நீர் ஊற்றும் வகை பேட்டரி என்றால், தயாரிப்பாளர் சொன்ன அளவில் அவ்வப்போது சமன் சார்ஜ், அதாவது வழக்கத்தைவிடச் சற்று உயர்ந்த வோல்ட்டில் சார்ஜ், கொடுத்தும் சரிசெய்யலாம்.

இன்னொரு பழக்கத்தை அறவே விட வேண்டும். 24 அல்லது 48 வோல்ட் அமைப்பில், ஒரு 12 வோல்ட் விளக்குக்காக ஒரே ஒரு பேட்டரியிலிருந்து கம்பி இழுப்பது. அந்தப் பேட்டரி மட்டும் தினமும் கூடுதலாகத் தீரும். ஆனால் நிரம்புவது மற்றவற்றின் அளவுக்குத்தான். சில மாதங்களில் அதுவே பலவீனமான கண்ணியாகிவிடும். 12 வோல்ட் வேண்டுமென்றால் மொத்த வோல்ட்டிலிருந்து இறக்கித் தரும் கன்வெர்ட்டரை மாட்டுங்கள்.

பக்க இணைப்பில் நான் கண்டது

இதைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே சொல்வேன், ஏனென்றால் பட்டு அறிந்தது.

எங்கள் வீட்டில் முதலில் கட்டிய அமைப்பு 12 வோல்ட். நான்கு டியூபுலர் பேட்டரிகள், எல்லாம் பக்க இணைப்பில். இணைத்தவர் கண்ணுக்கு அழகாகத்தான் செய்திருந்தார். நேர்முனைகளை வரிசையாகச் சிவப்புக் கம்பியால் கோத்து, எதிர்முனைகளைக் கறுப்புக் கம்பியால் கோத்து, இன்வெர்ட்டருக்குப் போகும் இரண்டு கேபிள்களையும் முதல் பேட்டரியிலிருந்தே எடுத்திருந்தார். கேபிளின் நீளம் மிச்சம். இரண்டு ஆண்டுகள் கழித்து ஒன்றைக் கவனித்தேன். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும்போதெல்லாம் முதல் பேட்டரிக்கு மட்டும் மற்றவற்றைவிட அதிகம் தேவைப்பட்டது. மாலையில் கையை வைத்துப் பார்த்தால் அதன் பக்கச்சுவர் லேசாகச் சூடாக இருந்தது. நான்காவது குளிர்ந்திருந்தது.

கம்பியைச் சுற்றிக் கவ்வி ஆம்பியரை அளக்கும் கிளாம்ப் மீட்டரை எடுத்து, வீட்டில் 50 ஆம்பியர் அளவுக்குச் சுமையைப் போட்டு, ஒவ்வொரு பேட்டரியிலிருந்தும் வருவதை அளந்தேன். முதலாவது 19. இரண்டாவது 13. மூன்றாவது 10. நான்காவது 8. சமமாகச் சுமக்க வேண்டிய நான்கு பேரில் ஒருவர் முதுகில் மட்டும் ஒன்றரைப் பங்கு மூட்டை.

காரணத்தைத் தாளில் போட்டுப் பார்த்தால் புரியும். 100 ஆம்பியர் மணி ஈய பேட்டரியின் உள்மின்தடை 5 மில்லி ஓம் என்று வைத்துக்கொள்வோம். பேட்டரிகளுக்கு இடையிலான ஒவ்வோர் இணைப்புக் கம்பியும் அதன் லக்குகளும் சேர்ந்து அரை மில்லி ஓம். கம்பியின் தடை பேட்டரியின் தடையில் பத்தில் ஒரு பங்குதான், அற்பமாகத் தெரிகிறது. ஆனால் முதல் பேட்டரியின் மின்சாரம் எந்த இணைப்புக் கம்பியையும் கடக்காமல் வெளியே போகிறது. நான்காவதன் மின்சாரமோ போக மூன்று, வர மூன்று என ஆறு கம்பிகளைக் கடக்க வேண்டும். போதாததற்கு, அந்தக் கம்பிகளில் மற்ற பேட்டரிகளின் மின்சாரமும் சேர்ந்து ஓடுகிறது. கணக்குப் போட்டால் 100 ஆம்பியர் சுமையில் முறையே 38.5, 26, 19, 16 ஆம்பியர் வருகிறது. என் கிளாம்ப் மீட்டர் காட்டிய விகிதமும் இதுதான். சார்ஜ் ஆகும்போதும் இதே கதை தலைகீழாக நடக்கும். முதல் பேட்டரி அடித்துப் பிடித்து நிரம்பும், கடைசிக்கு மிச்சம்தான் கிடைக்கும்.

இதைச் சரிசெய்யப் புதிதாக எதுவும் வாங்கத் தேவையில்லை. நேர்க் கேபிளை முதல் பேட்டரியிலேயே விட்டுவிட்டு, எதிர்க் கேபிளை மட்டும் நான்காவது பேட்டரிக்கு மாற்றினேன். குறுக்காக எடுப்பது என்று இதைச் சொல்வார்கள். இப்போது எந்தப் பேட்டரியின் வழியாகப் போனாலும் மூன்று இணைப்புக் கம்பிகளைக் கடந்தாக வேண்டும். அதே கணக்கில் பங்கீடு 27, 23, 23, 27 ஆகிறது. அளந்தபோது 50 ஆம்பியரில் ஓரத்துப் பேட்டரிகள் 13, 14 என்றும் நடுவில் இருப்பவை 11, 12 என்றும் காட்டின. ஒரே ஒரு கேபிளின் இடம் மாறியதில் இவ்வளவு வித்தியாசம். ஆனால் முதல் பேட்டரிக்கு அந்த மாற்றம் தாமதமாகத்தான் வந்தது. அது மற்ற மூன்றையும்விட வெகு முன்னதாகவே ஓய்ந்துபோனது. அந்தப் பேட்டரியை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது. யாராவது முதல் நாளே அந்தக் கேபிளை மாற்றிப் போடச் சொல்லியிருந்தால் போதுமாக இருந்தது. இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

குறுக்கு இணைப்பிலும் மீதமிருக்கும் சிறு வேறுபாட்டைப் போக்க வேண்டுமென்றால் பஸ்பார் வைக்கலாம். தடித்த தாமிரப் பட்டை இரண்டு, ஒவ்வொரு பேட்டரியிலிருந்தும் ஒரே நீளத்தில், ஒரே தடிமனில் தனித்தனிக் கேபிள். அருகில் இருக்கும் பேட்டரிக்குக் குட்டைக் கேபிள் போதுமே என்று கை தானாக வெட்டப் போகும். வெட்டக் கூடாது. தூரத்துப் பேட்டரிக்கு ஒரு மீட்டர் தேவையென்றால் பக்கத்துப் பேட்டரிக்கும் ஒரு மீட்டர்தான், மிச்ச நீளத்தை வளைத்து விட்டுக்கொள்ள வேண்டும்.

பக்க இணைப்பின் இரண்டாவது ஆபத்து பழுது நேரும்போது தெரிகிறது. ஒரு பேட்டரியின் உள்ளே ஒரு செல் ஷார்ட் ஆகிவிட்டால் அந்தப் பேட்டரி 10 வோல்ட் சொச்சத்துக்கு இறங்கிவிடும். மற்ற மூன்றும் 12 வோல்ட்டுக்கு மேல் நிற்கின்றன. உடனே மூன்றும் சேர்ந்து தங்கள் மின்சாரத்தை அந்தப் பழுதுக்குள் கொட்டத் தொடங்கும். வீட்டுச் சுமை எதுவும் ஓடாத நள்ளிரவிலும் இது நடக்கும். இன்வெர்ட்டருக்குப் போகும் வழியில் இருக்கும் பெரிய ஃபியூஸ் இதைத் தடுக்காது, ஏனென்றால் இந்த ஓட்டம் அதன் வழியாகப் போவதே இல்லை. ஆகவே பக்க இணைப்பில் ஒவ்வொரு பேட்டரிக்கும், அல்லது ஒவ்வொரு தொடருக்கும், முனைக்கு மிக அருகிலேயே தனி ஃபியூஸ் கட்டாயம் வேண்டும். ஒரே தொடராக இருந்தால் இந்தச் சிக்கலே எழாது, ஒரு ஃபியூஸ் போதும்.

நியாயமாகப் பக்க இணைப்பின் நன்மையையும் சொல்ல வேண்டும். ஒன்று பழுதானால் அதைக் கழற்றி வைத்துவிட்டு மூன்றை வைத்து அன்றிரவை ஓட்டிவிடலாம். மருத்துவக் கருவியோ தடுப்பூசிக் குளிர்பெட்டியோ மின்சாரத்தை நம்பியிருக்கும் வீட்டில் இது சிறிய விஷயமல்ல.

16 பேட்டரிகளா, 24 செல்களா?

48 வோல்ட், 400 ஆம்பியர் மணி தேவைப்படும் பெரிய வீடு என்று எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி பேட்டரிகளால் இதைக் கட்ட, நான்கு நான்காகத் தொடரில் கோத்து, அந்த நான்கு தொடர்களையும் பக்க இணைப்பில் சேர்க்க வேண்டும். மொத்தம் 16 பேட்டரிகள். ஒவ்வொன்றிலும் ஆறு செல் என்பதால் 96 செல்கள். நீர் பார்க்க 96 மூடிகள். தொடர் இணைப்பின் சமனின்மையும் பக்க இணைப்பின் பங்கீட்டுச் சிக்கலும் ஒருசேர வந்துவிடும்.

இதே கொள்ளளவை 2 வோல்ட், 400 ஆம்பியர் மணி செல்கள் 24-ஐ ஒரே தொடராகக் கோத்தும் பெறலாம். மூடிகள் 24. எல்லா செல்களிலும் ஒரே மின்னோட்டம்தான் ஓடியாக வேண்டும், பங்கீடு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு செல் கெட்டால் அதை மட்டும் கழற்றிவிட்டு, அதற்கேற்பச் சார்ஜ் வோல்ட்டைக் குறைத்து, புதியது வரும்வரை 23 செல்களில் தற்காலிகமாக ஓட்டலாம். ஈய-அமிலத்தில் என் வாக்கு தயக்கமில்லாமல் இதற்குத்தான். இறுக்க வேண்டிய முனைகள் அதிகம், ஒவ்வொரு செல்லும் கனம், தரை உறுதியாக இருக்க வேண்டும் என்பவை உண்மைதான். ஆனாலும் நான்கு தொடர்களைச் சமாளிப்பதோடு ஒப்பிட்டால் அவை பெரிய தொந்தரவில்லை. 12 வோல்ட் பேட்டரிகள்தான் கைவசம் என்றால் இரண்டு தொடர்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மிஞ்சிப்போனால் மூன்று.

லித்தியத்தில் கணக்கு மாறுகிறது

லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் ஒன்றின் வோல்ட் 3.2. நான்கு சேர்ந்தால் 12.8, பதினாறு சேர்ந்தால் 51.2. இவற்றுக்குள் பி.எம்.எஸ். என்ற காவல் பலகை இருக்கிறது. ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும் தனித்தனியே பார்த்து, ஏதாவது ஒன்று எல்லை மீறினால் இணைப்பைத் துண்டித்துவிடும். ஈய பேட்டரியில் நாம் மல்டிமீட்டரோடு அலைந்து செய்கிற வேலையை இது உள்ளேயே செய்துவிடுகிறது.

ஆனால் நான்கு 12.8 வோல்ட் லித்தியம் பேட்டரிகளைத் தொடரில் கோத்தால், நான்கு காவலர்கள் ஒருவரையொருவர் அறியாமல் நிற்கிறார்கள். ஒருவர் துண்டித்தால் மொத்தமும் நிற்கும். துண்டித்தவரின் மின்னணு சுவிட்சின் மேல் தொடரின் முழு வோல்ட்டும் வந்து விழும். அதைத் தாங்கும்படி செய்யப்படாத பலகை அங்கேயே எரிந்துபோகும். அதனால்தான் சில பேட்டரிகளில் தொடர் இணைப்பு கூடாது என்றும், சிலவற்றில் நான்கு வரைதான் என்றும் எழுதியிருக்கும். வாங்குமுன் கையேட்டில் அந்த ஒரு வரியைத் தேடிப் படித்துவிடுங்கள். நான் 48 வோல்ட் வேண்டுபவர்களுக்குச் சொல்வது, பதினாறு செல்லும் ஒரே பி.எம்.எஸ்.ஸின் கீழ் இருக்கும் 51.2 வோல்ட் பேட்டரியை நேராக வாங்குங்கள் என்பதுதான். தொடர் இணைப்பு ஆலையிலேயே முடிந்துவிட்டது. கொள்ளளவு போதாவிட்டால் அப்படிப்பட்ட இரண்டாவது பெட்டியைப் பக்க இணைப்பில் சேர்க்கலாம். இங்கே பக்க இணைப்பு தகுந்த வழியே. இரண்டு பெட்டிகளின் பி.எம்.எஸ்.ஸும் தொடர்புக் கம்பியால் பேசிக்கொள்ளும் வகையாக இருந்தால் இன்னும் நல்லது.

அதிலும் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. லித்தியத்தின் உள்மின்தடை மிகக் குறைவு. அதனால் இணைப்புக் கம்பியின் தடை ஈயத்தில் செய்ததைவிட அதிகமாகப் பங்கீட்டைக் குலைக்கும். சம நீளக் கேபிளும் பஸ்பாரும் இங்கே இன்னும் அவசியம். மற்றொன்று, இணைக்கும் நாளில் வருவது. ஒன்று பாதி நிரம்பியும் மற்றொன்று முழுதாக நிரம்பியும் இருக்கும்போது சேர்த்தால், இரண்டுக்கும் நடுவே பெருவெள்ளமாக மின்னோட்டம் பாயும். அரை வோல்ட் வேறுபாடும் 10 மில்லி ஓம் வழியும் இருந்தால் 50 ஆம்பியர். வோல்ட்டை அளந்து ஒப்பிட்டால் போதாதா என்றால், லித்தியத்தில் போதாது. அதன் வோல்ட் நடுப்பகுதி முழுவதும் ஏறக்குறையத் தட்டையாகவே இருக்கும். 40 சதவீதம் நிரம்பியதும் 70 சதவீதம் நிரம்பியதும் மீட்டரில் கிட்டத்தட்ட ஒன்றாகவே தெரியும். இரண்டையும் தனித்தனியாக முழு சார்ஜ் செய்து, கொஞ்ச நேரம் ஓயவிட்டு, அளந்து, பிறகு இணைப்பதுதான் நம்பகமான வழி.

பெட்டியின் ஆம்பியர் வரம்பிலும் நெருக்கிப் பிடிக்காதீர்கள். தலா 100 ஆம்பியர் தாங்கும் இரண்டு பெட்டிகளை நம்பி 180 ஆம்பியர் இழுத்தால், ஒன்று ஏதோ காரணத்தால் துண்டித்த நொடியில் மற்றொன்றின் மேல் 180-ம் விழும், அதுவும் துண்டிக்கும்.

பழையதும் புதியதும்

எந்த இணைப்பானாலும் பழைய பேட்டரியோடு புதியதைச் சேர்க்க வேண்டாம். வெவ்வேறு கொள்ளளவு, வெவ்வேறு தயாரிப்பு, ஈயத்தோடு லித்தியம் என்று எதையும் ஒரே கட்டில் கலக்க வேண்டாம். பின்னால் பெருக்கும் எண்ணம் இருந்தால் முதலிலேயே பெரியதாக வாங்குங்கள், அல்லது பெருக்குவதற்கென்றே வடிவமைத்த லித்தியம் பெட்டிகளைத் தேர்ந்தெடுங்கள்.

கடைசி போல்ட்டை முறுக்குவதற்கு முன்

கையிலிருக்கும் மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றி வையுங்கள். ஸ்பானரின் பிடி முழுவதும் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள், முனையில் வேலைக்குத் தேவையான இடம் மட்டும் வெளியே தெரியட்டும். ஸ்பானர் இரண்டு முனைகளுக்குக் குறுக்கே விழுந்தால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து அது அங்கேயே உருகி ஒட்டிக்கொள்ளும். நீர் ஊற்றும் பேட்டரிகள் சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள், கண்ணாடி அணியுங்கள். நேர்மின்சாரத்தில் (டி.சி.) தோன்றும் தீப்பொறி வீட்டு மாறுமின்சாரத்தில்போலத் (ஏ.சி.) தானாக அணையாது. ஆகவே பிரேக்கரும் ஃபியூஸும் நேர்மின்சாரத்துக்கென்று, உங்கள் வோல்ட்டுக்கென்று குறிக்கப்பட்டவையாக இருக்க வேண்டும்.

தொடர் இணைப்பென்றால், கடைசிக் கேபிளை இன்வெர்ட்டரில் மாட்டுமுன் இரு நுனிகளுக்கும் நடுவே அளந்து பாருங்கள். நான்கு நிரம்பிய ஈய பேட்டரிகள் 51 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். 25 வோல்ட் காட்டினால் ஒன்று தலைகீழாக இருக்கிறது. மூன்று கூட்ட, ஒன்று கழிக்கிறது. பக்க இணைப்பென்றால், எதிர்முனைகளைச் சேர்த்தபின், இணைக்கப்போகும் இரண்டு நேர்முனைகளுக்கும் நடுவே அளந்து பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் சேர்க்கலாம். 25 காட்டினால் ஒன்று தலைகீழாக இருக்கிறது, கையை எடுத்துவிடுங்கள். அந்தக் கம்பியை மாட்டியிருந்தால் இரண்டு பேட்டரிகளும் ஒன்றையொன்று ஷார்ட் செய்திருக்கும்.

எல்லாம் ஓடத் தொடங்கியபின், வீட்டில் நல்ல சுமையைப் போட்டுவிட்டு ஒவ்வொரு பேட்டரியின் வோல்ட்டையும், பக்க இணைப்பிருந்தால் ஒவ்வொரு கிளையின் ஆம்பியரையும் அளந்து, தேதியோடு ஓர் அட்டையில் எழுதி பேட்டரிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு வாரம் கழித்து போல்ட்டுகளைத் தயாரிப்பாளர் சொன்ன இறுக்கத்துக்கு மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள், ஈய முனைகள் அழுத்தத்தில் கொஞ்சம் அமுங்கும். அடுத்த மாதம் அளந்ததை அதே அட்டையில் பக்கத்து வரிசையில் எழுதுங்கள்.